பத்துப் பேர், ஆளுக்கு நூறு டாலர்

கம்பிவழி வண்டிகள் – வரலாற்றுத் தொடர் – 11

சிகாகோவிலிருந்து மூன்று திசைகளில் கிளம்பிய மூன்று பெரிய மின்ரயில் பாதைகளைச் சாமுவேல் இன்சல் எப்படித் தன் கைக்குள் கொண்டுவந்தார், 1932-ல் அவருடைய மின்சாரப் பேரரசு எப்படிச் சரிந்தது என்று சென்ற இதழில் பார்த்தோம். பேரரசு சரிந்தாலும் வண்டிகள் நிற்கவில்லை. நார்த் ஷோர் பாதையும் சிகாகோ, அரோரா அண்ட் எல்ஜின் பாதையும் அதன்பின் பல ஆண்டுகள் ஓடின. சவுத் ஷோர் இன்றும் ஓடுகிறது. அந்த ஆண்டுகளில் நடந்த ஒரு காரியம் எந்தக் கம்பெனியின் ஆண்டறிக்கையிலும் ஏறவில்லை. விடுமுறை நாளானால் கழுத்தில் கேமராவை மாட்டிக்கொண்டு தண்டவாள ஓரத்தில் வந்து நின்ற இளைஞர்கள் செய்த காரியம் அது. இந்த அத்தியாயம் அவர்களுடையது.

அமெரிக்காவில் ஊர்விட்டு ஊர் ஓடிய மின்வண்டிகளை இன்டர்அர்பன் என்றார்கள். ஊருக்குள் கடைத்தெருவின் நடுவே மெல்ல ஊர்ந்து, எல்லை தாண்டியதும் சோளக்காடுகளை ஒட்டி வேகமெடுக்கும். 1916 வாக்கில் இந்தப் பாதைகளின் மொத்த நீளம் சுமார் 15,500 மைல். நல்ல சாலையும் காரும் பரவப் பரவ அது சுருங்கியது. 1930-களின் பெருமந்தத்தில் பெரும்பகுதி மறைந்தே போனது. ஒரு பாதை மூடப்பட்டால் கம்பெனிக்கு மிஞ்சியது காயலான் விலைதான். செம்புக் கம்பியும் மோட்டாரும் எடைக்குப் போயின. மரவண்டிகளைக் கொளுத்திவிட்டுச் சாம்பலிலிருந்து இரும்பைப் பொறுக்கினார்கள். அதிலும் தப்பிய சில உடல்களை விவசாயிகள் வாங்கி, சக்கரமில்லாமல் வயல் ஓரத்தில் வைத்து, வீடாகவும் கோழிக்கூடாகவும் பயன்படுத்தினார்கள்.

ஒரு வண்டியை முழுசாக வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் அப்போது அநேகமாக யாருக்கும் வரவில்லை. படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம்தான் முதலில் வந்தது.

1938-ல் சிகாகோவில் சென்ட்ரல் எலக்ட்ரிக் ரெயில்ஃபேன்ஸ் அசோசியேஷன் தொடங்கியது. மின்ரயில் ஆர்வலர்களின் சங்கம். உறுப்பினர்கள் காசு சேர்த்து ஒரு வண்டியை வாடகைக்கு அமர்த்துவார்கள்; நாள் முழுக்கப் பயணம். நல்ல வெளிச்சமும் திறந்த வெளியும் உள்ள இடத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி எல்லோரும் இறங்குவார்கள். வண்டி சிறிது தூரம் பின்னால் போய் மீண்டும் முன்னால் வரும். இறங்கியவர்கள் சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்படி வரிசையாக நின்று படமெடுப்பார்கள். அந்த வரிசையைத் தாண்டி யாரும் முன்னால் போகக் கூடாது. வண்டி மட்டும் படத்தில் விழ வேண்டும், ஆள் விழக் கூடாது. இது எழுதாத சட்டம். கடைசிவரை காப்பாற்றப்பட்ட சட்டமும்கூட.

அக்காலத்துப் படங்களை வரிசையாகப் பார்த்தால் எல்லாம் ஒரே சாயலில் இருப்பதற்குக் காரணம் ரசனை மட்டுமல்ல, ஃபிலிமும்தான். 35 மில்லிமீட்டர் கோடாக்ரோம் 1936-ல் வந்தது. அதன் ஒளியுணர்வு ஏஎஸ்ஏ 10 அளவுதான். நல்ல வெயிலிலேயே நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரம் ஷட்டரைத் திறந்து வைக்க வேண்டும். ஓடும் வண்டி கலங்கிவிடும். எனவே நிற்கும் வண்டி, பளிச்சென்ற பகல், முகப்பும் ஒரு பக்கமும் சேர்ந்து தெரியும் கோணம். வண்ண ஃபிலிம் விலை அதிகம் என்பதால் பெரும்பாலோர் கறுப்பு வெள்ளையில், 616 என்ற அகலமான ஃபிலிமில் எடுத்தார்கள். இரண்டரைக்கு நாலேகால் அங்குல நெகட்டிவ்; பெரிதாக்கத் தேவையில்லை, தாளின்மேல் அப்படியே வைத்து ஒளி காட்டினால் பிரிண்ட் வந்துவிடும். மின்ரயில் ஆர்வலர்களிடையே அந்த அளவுதான் செலாவணி. இந்தியானாவில் இருப்பவர் தன் ஊர் வண்டியின் பிரிண்டை அனுப்புவார்; பதிலுக்கு ஐயோவாவிலிருந்து ஒன்று வரும். பின்பக்கத்தில் வண்டி எண், இடம், தேதி. ஆயிரக்கணக்கான வீடுகளில் காலணிப் பெட்டிகளுக்குள் ஒரு தேசத்தின் போக்குவரத்து ஆவணம் இப்படித்தான் சேர்ந்தது. அதைச் சேர்த்தவர்களில் மின் பொறியாளர்களும் இருந்தார்கள், பள்ளி மாணவர்களும் இருந்தார்கள். பின்னாளில் சிகாகோ போக்குவரத்து ஆணையத்தின் தலைமைப் பொறுப்புக்கு உயர்ந்த ஜார்ஜ் கிராம்பிள்ஸ் அவர்களில் ஒருவர். அவருடைய படத் தொகுப்பை இன்றும் ஆய்வாளர்கள் நாடுகிறார்கள்.

படமெடுக்கப் போனவர்கள்தான் வண்டியை வாங்கியவர்களும். இது சிகாகோவுக்கு மட்டும் உரிய கதையல்ல. 1939-ல் மெய்ன் மாநிலத்தின் பிட்டஃபர்ட் அண்ட் சாக்கோ டிராம் மூடப்பட்டபோது, கடைசிச் சவாரிக்குப் போன சில இளைஞர்கள் 31-ஆம் எண் திறந்த வண்டியை 150 டாலருக்கு வாங்கினார்கள். கென்னபங்க்போர்ட்டில் இன்று பரந்து கிடக்கும் சீஷோர் டிராலி மியூசியத்துக்கு அதுவே விதை. இங்கிலாந்தில் 1948 ஆகஸ்டில் சவுத்தாம்டன் டிராமின் பிரியாவிடைப் பயணத்துக்குப் போனவர்கள் 45-ஆம் எண் வண்டியைப் பத்து பவுண்டுக்கு வாங்கினார்கள். அதிலிருந்து வளர்ந்தது கிரிச் டிராம் அருங்காட்சியகம். கடைசிச் சவாரியில் கையில் பிரிண்ட் மட்டும் மிஞ்சப் போகிறது என்று உறைக்கும் கணத்தில் யாரோ ஒருவர் விலை கேட்கிறார். மூன்று இடங்களிலும் நடந்தது இதுதான்.

சிகாகோ ஆட்கள் விலை கேட்ட வண்டியின் எண் 65. இந்தியானா ரெயில்ரோடு கம்பெனிக்காக 1931-ல் புல்மன் கட்டிய வண்டி. பெருமந்தத்தின் நடுவே, காருடன் போட்டி போட்டே தீருவது என்று இன்சல் குழுமம் ஒரே ஆண்டில் இறக்கிய 35 விரைவு வண்டிகளில் ஒன்று. எடையைக் குறைக்க அலுமினியத்தைத் தாராளமாகச் சேர்த்த, தாழ்ந்த, வேகமான வண்டிகள் அவை. பத்தாண்டுகூட நிம்மதியாக ஓட முடியவில்லை. 1941-ல் அந்த நிறுவனத்தின் ஓட்டம் முடிவுக்கு வந்தபோது 65-ஐ ஐயோவாவின் சீடர் ரேபிட்ஸ் அண்ட் ஐயோவா சிட்டி ரெயில்வே வாங்கிக்கொண்டது; கிரான்டிக் என்று செல்லமாக அழைக்கப்பட்ட 27 மைல் பாதை. அங்கே இன்னும் பன்னிரண்டு ஆண்டுகள். 1953-ல் கிரான்டிக்கும் பயணிகள் சேவையை நிறுத்தியது. (சென்னையில் 1895 முதல் ஓடிய மின்சார டிராம் நின்றதும் அதே 1953-ல்தான், ஏப்ரல் 12 அன்று.)

வண்டி காயலானுக்குப் போகவிருந்தது. பத்துப் பேர் கூடினார்கள். ஆளுக்கு நூறு டாலர் போட்டு அதை வாங்கினார்கள். தங்கள் கூட்டத்துக்கு இல்லினாய்ஸ் எலக்ட்ரிக் ரெயில்வே மியூசியம் என்று பெயர் வைத்தார்கள். மியூசியம் என்று பெயர் சூட்டிய அன்று அவர்களிடம் ஒரு வண்டி இருந்தது. நிலமில்லை, தண்டவாளமில்லை, கொட்டகையில்லை. அன்று நூறு டாலர் சின்னத் தொகையல்ல. அந்த 35 வண்டிகளில் இன்று மிஞ்சியிருப்பவை இரண்டே. இன்னொன்று சீஷோரில் இருக்கிறது. இந்தப் பத்துப் பேர் தயங்கியிருந்தால் இன்று ஒன்றுதான் இருந்திருக்கும்.

வண்டியை வாங்கியாயிற்று, எங்கே நிறுத்துவது? நார்த் சிகாகோவில் இருந்த சிகாகோ ஹார்டுவேர் ஃபவுண்ட்ரி என்ற வார்ப்பாலை தன் வளாகத்தில் இடம் கொடுத்தது. அடுத்த பத்தாண்டுகளில் ஆலையின் முற்றம் நிறைந்தது. இல்லினாய்ஸ் டெர்மினல் பாதை 1956-ல் இன்டர்அர்பன் ஓட்டத்தை நிறுத்தியது. அங்கிருந்து வண்டிகள் வந்தன. மில்வாக்கி டிராம் 1958-ல் நின்றது, அங்கிருந்தும் வந்தது. எல்லாம் மழையிலும் பனியிலும் திறந்த வெளியில் நின்றன.

அந்தப் பத்தாண்டுகள்தான் சிகாகோ வட்டாரத்தின் கொடுமையான காலம். அரோரா, எல்ஜின் ஊர்களுக்கு ஓடிய பாதையை முதலில் நெருக்கடிக்குள் தள்ளியது ஒரு விரைவுச்சாலை. காங்கிரஸ் எக்ஸ்பிரஸ்வே கட்டுவதற்காக 1953 செப்டம்பரில் அந்த ரயில்கள் நகர மையத்துக்குள் வருவதை நிறுத்திக்கொண்டன. ஃபாரஸ்ட் பார்க்கில் இறங்கி வேறு ரயில் மாற வேண்டும். பயணிகள் குறைந்தார்கள். 1957 ஜூலை 3. சேவையை நிறுத்த நீதிமன்றம் வழிவிட்டதும் கம்பெனி மாலைவரைகூடக் காத்திருக்கவில்லை. நண்பகலிலேயே வண்டிகளை நிறுத்திவிட்டது. காலையில் அதே ரயிலில் அலுவலகம் போனவர்களுக்கு வீடு திரும்ப ரயில் இல்லை. பிரியாவிடைப் பயணமும் இல்லை, கடைசிப் படத்துக்கு வாய்ப்பும் இல்லை. அதற்கு முன்பே ஓயாமல் படமெடுத்து வைத்தவர்களின் பிரிண்டுகள் மட்டும் இருந்தன.

நகரத்தின் தெரு டிராம் 1958 ஜூன் 21-ல் நின்றது. கடைசியாக ஓடியது 7213. அது இன்று இல்லை. போருக்குப்பின் வாங்கிய 600 டிராம்களுக்குப் பச்சையும் கிரீமும் ஆரஞ்சும் கலந்த வண்ணம். மக்கள் அவற்றைப் பச்சைக் குளவி என்றார்கள். அவற்றில் 570 வண்டிகளின் மோட்டாரையும் பிற பாகங்களையும் கழற்றி, நகரின் உயர்மட்ட ரயில்களுக்குப் புதுப் பெட்டிகள் கட்டும்போது பயன்படுத்தினார்கள். 1948-ல் கட்டிய 4391 மட்டும் தப்பியது. தப்பவைத்தது வேறொரு சிறு குழு: எலக்ட்ரிக் ரெயில்வே ஹிஸ்டாரிக்கல் சொசைட்டி. டவுனர்ஸ் குரோவ் அருகே ஒரு பண்ணை நிலத்தில் பழைய வண்டிகளைச் சேர்த்து வந்தார்கள். குளிர்காலத்தில் தெருப்பனியைக் கரைக்க உப்பு தூவும் வண்டியாக மாற்றப்பட்ட பழைய மரவண்டிகள் அவர்களுக்குக் கிடைத்த பெரும்பேறு. பயணிகளை ஏற்றிச் செல்லும் தகுதி போய்விட்டது என்று ஒதுக்கப்பட்ட வண்டிகள், உப்பைச் சுமந்ததால் பல ஆண்டுகள் கூடுதலாக உயிரோடு இருந்தன. 1906-ல் கட்டிய 1374 இப்படி வந்தது. 1973-ல் இந்தக் குழு தன் சேகரிப்பை இல்லினாய்ஸ் மியூசியத்திடம் ஒப்படைத்தது.

1963 ஜனவரி 21. கடும் குளிர் இரவில் நார்த் ஷோர் நின்றது. சிகாகோவுக்கும் மில்வாக்கிக்கும் இடையே அமெரிக்கா கண்ட மிகச்சிறந்த இன்டர்அர்பன் ஓட்டம் முடிந்தது. மியூசியத்தார் அதன் பெட்டிகள் சிலவற்றைத் தேடிப்பிடித்து வாங்கினார்கள். அடுத்த ஆண்டே வார்ப்பாலை வளாகத்தைவிட்டுக் கிளம்ப வேண்டியதாயிற்று.

போன இடம் யூனியன். மெக்ஹென்றி மாவட்டத்தில் ஒரு சிற்றூர். எல்ஜின் அண்ட் பெல்விடியர் என்ற இன்டர்அர்பன் அந்த வழியே ஓடி, 1930-ல் மூடப்பட்டிருந்தது. தண்டவாளத்தைப் பெயர்த்து விற்று முப்பதாண்டுக்கு மேலாகிவிட்டது. மண்மேடு மட்டும் நேராக நீண்டு கிடந்தது. அதை ஒட்டி வாங்கிய நிலத்துக்கு 1964-ல் வண்டிகள் வந்தன. மின்வண்டி ஓடிய மேட்டிலேயே மீண்டும் மின்வண்டி ஓட வேண்டும் என்று தீர்மானித்தவர்களுக்கு என் வணக்கம். வேறு மலிவான இடமும் கிடைத்திருக்கும்.

இதற்குள் மியூசியத்தின் பெயரிலிருந்து எலக்ட்ரிக் என்ற சொல் நீங்கியிருந்தது. நீராவி எஞ்சின்களும் சேரத் தொடங்கிவிட்டன. ஆனாலும் முதல் வேலை மின்வண்டிக்கான வேலைதான்: தண்டவாளம் போடுவது. கட்டைகளைச் சுமந்து, வரிசைப்படுத்தி, தண்டவாளத்தை ஏற்றி, நாலடி எட்டரை அங்குல இடைவெளியைக் கோலால் சரிபார்த்து, ஆணி அடித்து, ஜல்லி கொட்டிக் கெட்டிப்படுத்தினார்கள். பிறகு கம்பம் நட்டு, மேலே செம்புக் கம்பி இழுத்து, 600 வோல்ட் நேர்மின்சாரம் பாய்ச்சினார்கள். 1966-ல் குறுகிய தூரத்துக்குப் பயணிகளை ஏற்றி வண்டி ஓடியது. இன்று அங்கே சுமார் ஐந்து மைல் பாதை இருக்கிறது. அருகிலுள்ள மரெங்கோ ஊரில் 1851-ல் கட்டிய ஸ்டேஷன் கட்டடத்தை 1967-ல் பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். இன்றும் பயணிகள் அங்கிருந்துதான் ஏறுகிறார்கள்.

வாரநாளில் ஆசிரியர், எலக்ட்ரீஷியன், கல்லூரி மாணவர், போக்குவரத்து ஆணைய ஊழியர். சனிக்கிழமையானால் தண்டவாள ஆள். சம்பளம் கிடையாது, தங்கள் பெட்ரோலுக்குத் தாங்களே செலவழித்தார்கள். வண்டிகளுக்குக் கொட்டகை எழ மேலும் பல ஆண்டுகள் ஆயின. இல்லினாய்ஸ் குளிரில் மரவண்டியின் கூரை விரிசலுக்குள் நீர் இறங்கி உறைந்து, மரத்தைப் பிளக்கும். ஒன்றைப் பழுதுபார்த்து முடிப்பதற்குள் பக்கத்தில் நிற்பது கெட்டுக்கொண்டிருக்கும். இந்த ஓட்டத்தில் கைவிடாமல் நின்றவர்களை எண்ணும்போது எனக்கு ஏற்படும் மரியாதை, வண்டிகளைக் கட்டிய கம்பெனிகள்மீது ஏற்படும் மரியாதையைவிடப் பெரிது.

வேலையைத் தெரிந்துகொண்டதே தனிக்கதை. மரவண்டியின் கூரைக்கு கேன்வாஸ் துணி போர்த்த வேண்டும். இழுத்துப் பிடித்து, ஆணியடித்து, சுருக்கமில்லாமல் பெயின்ட் ஏற்ற வேண்டும். இருக்கைகளுக்குப் பிரம்புப் பின்னல். மோட்டாரின் அச்சு சுழலும் தாங்கிகளில் பேபிட் என்ற மென்மையான உலோகத்தை உருக்கி ஊற்றி, ஆறியபின் சரியான அளவுக்குச் சீவ வேண்டும். ஈரம் ஏறி எரிந்த மோட்டாருக்குச் சுருளை மறுபடி சுற்ற வேண்டும். இந்தத் தொழில்கள் வெளியுலகில் மறைந்துகொண்டிருந்தன. தெரிந்த முதியவர் ஒருவர் கிடைத்தால் அவர் அருகில் நின்று கற்றுக்கொண்டார்கள். கிடைக்காதபோது பழைய கையேட்டைப் படித்து, கெடுத்து, மறுபடி செய்து கற்றார்கள்.

காலணிப் பெட்டியில் இருந்த பிரிண்டுகள் இங்கேதான் வேலைக்கு வந்தன.

யூனியனிலேயே புல்மன் கம்பெனியின் வரைபடங்களைக் காக்கும் நூலகம் ஒன்று இருக்கிறது. வரைபடம் இருக்கும்போது படம் எதற்கு என்று தோன்றலாம். வண்டி ஆலையைவிட்டு வெளியே வந்த நாளை மட்டுமே வரைபடம் சொல்லும். அதன்பின் முப்பது, நாற்பது ஆண்டு ஓட்டத்தில் கம்பெனிப் பணிமனை அதன் உருவை மாற்றிக்கொண்டே இருக்கும். ஒரு கதவை அடைப்பார்கள், விளக்கை இடம் மாற்றுவார்கள், முகப்பில் கம்பித் தடுப்பு வைப்பார்கள், இருக்கையை மாற்றுவார்கள். இதில் பாதிக்கு வரைபடமே போட்டிருக்க மாட்டார்கள். 1927-ல் அந்த வண்டி எப்படி இருந்தது, 1938-ல் எப்படி இருந்தது என்பதற்கு ஞாயிற்றுக்கிழமைக் கேமராக்காரர்தான் சாட்சி. வண்டியை எந்த ஆண்டின் தோற்றத்துக்குத் திருப்புவது என்ற கேள்வியில் சீரமைப்புக் குழுக்களுக்குள் கடும் வாதம் நடக்கும். என் கருத்தில், படச் சான்று அதிகமாகக் கிடைக்கும் ஆண்டைத் தேர்ந்தெடுப்பதே நேர்மை. மிகப் பழைய தோற்றம்தான் அழகு என்று ஊகத்தை வைத்து வேலை செய்தால் பார்வையாளர் காண்பது வண்டியை அல்ல, நம் ஆசையை.

அந்தச் சாட்சியைக் குறுக்கு விசாரணையும் செய்ய வேண்டும். 1931 முதல் பரவலாக விற்ற கோடாக்கின் வெரிக்ரோம் ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது. அதில் எடுத்த படத்தில் சிவப்பு ஏறக்குறைய கறுப்பாக விழும், ஆரஞ்சும் இருண்டுபோகும், நீலம் வெளிறும். இன்டர்அர்பன் வண்டிகளில் ஆரஞ்சும் சிவப்பும் மிகப் பரவலான நிறங்கள். படத்தை நம்பி அடர்பச்சை பூசிவிடக் கூடாது. வண்டியின் பழைய பெயின்டை ஓரிடத்தில் அடுக்கடுக்காகச் சுரண்டி, எந்த நிறத்தின்மேல் எந்த நிறம் வந்தது என்று பார்த்து, அந்த அடுக்குகளைத் தேதியுள்ள படங்களோடு ஒப்பிடுவார்கள். எண்ணும் எழுத்தும் எத்தனை அங்குல உயரம் என்பதற்குப் படத்தில் நமக்கு அளவு தெரிந்த ஒன்று, சக்கரமோ ஜன்னலோ, கைகொடுக்கும். பெரும்பாலான படங்கள் ஒரே பக்கத்தைக் காட்டும், வெயில் விழுந்த பக்கத்தை. மறுபக்கத்தில் காற்றுத்தொட்டி எங்கே இருந்தது? வண்டியின் அடிப்பகுதி நண்பகல் படத்தில் நிழலில் மூழ்கிவிடும். குளிர்கால மாலையில் எடுத்த படத்தில் சாய்ந்த வெயில் சக்கரங்கள்வரை இறங்கும். அப்படி ஒன்று கிடைத்தால் பட்டறையில் பண்டிகைதான். உயர்மட்ட ரயில் மேடையிலிருந்தோ பாலத்திலிருந்தோ குனிந்து எடுத்த படம் இன்னும் அரிது. கூரையை அதுதான் காட்டும். உட்புறப் படங்களோ மிகக் குறைவு. அந்த ஃபிலிமின் வேகத்தில் உள்ளே எடுப்பது கடினம். விளக்கின் மூடி, விளம்பர அட்டைகள், இருக்கைத் துணியின் நெசவு இவையெல்லாம் பல வண்டிகளுக்குத் தெரியாமலே போய்விட்டன.

இத்தனைக்கும் நடுவில் அந்தப் பழைய எழுதாத சட்டம் தன் விலையைக் கேட்கிறது. ஆள் படத்தில் விழக் கூடாது என்று ஒதுங்கி நின்றவர்கள், யூனியனுக்கு வந்தபின்னும் வண்டியைத்தான் படமெடுத்தார்கள். தண்டவாளம் போட்ட நாட்களில் எடுத்த படங்கள் உண்டு. ஆனால் அவை தற்செயலாக எடுத்தவை. மதிய உணவு வேளையில் யாரோ, தன் ரோலில் மிஞ்சியிருந்த ஓரிரு ஃபிரேமில். வண்டி எண்ணையும் தேதியையும் தவறாமல் எழுதிய கைகள், ஜாக்கியின் பக்கத்தில் நிற்பவர் யார் என்று எழுதவில்லை. நம்மவர்தானே, தெரியாதா என்ற நினைப்பு. ஐம்பது ஆண்டு கழித்து அந்தப் பெயரைச் சொல்ல ஆளில்லாமல் போகிறது. படமெடுத்தவரோ படத்தில் இருக்கவே மாட்டார்.

இன்னொரு வேதனை வேதியியலில் இருக்கிறது. கோடாக்ரோம் ஸ்லைடை இருட்டில் பத்திரமாக வைத்தால் நிறம் பல பத்தாண்டுகள் மங்காது. 1940-ல் எடுத்த வண்டி இன்றும் பளபளக்கிறது. 1963-ல் கோடாக் இன்ஸ்டமாடிக் என்ற எளிய கேமராவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. தோட்டாபோல ஃபிலிமை உள்ளே போட்டு அமுக்கினால் போதும்; சதுரமான வண்ணப் பிரிண்ட் கிடைக்கும். யூனியனில் வேலை தொடங்கிய காலமும் அதுதான். வண்டிக்கு நல்ல கேமராவும் கோடாக்ரோமும், நண்பர்களுக்கு இந்தச் சின்னக் கேமரா என்று அமைந்துவிட்டது. அந்நாளைய வண்ணப் பிரிண்டுகளின் சாயம் நிலைக்காது. நீலமும் பச்சையும் முதலில் விலகி, படம் முழுக்கச் செம்மஞ்சள் ஏறிவிடும். வண்டிகளின் முகம் தெளிவாக இருக்க, அவற்றைக் காப்பாற்றிய மனிதர்களின் முகம் கரைந்துகொண்டிருக்கிறது.

எனவே அருங்காட்சியகங்கள் இன்று செய்ய வேண்டிய அவசர வேலை எது என்று கேட்டால், இன்னொரு வண்டியை வாங்குவது என்று நான் சொல்ல மாட்டேன். சதுரப் பிரிண்டுகளைச் சேகரித்து ஸ்கேன் செய்து, உயிரோடு இருக்கும் முதியவர்கள் முன்னால் வைத்து, ஒவ்வொருவராகப் பெயர் கேட்டு எழுதிக்கொள்வது. எந்தக் கட்டையை எங்கிருந்து வாங்கினார்கள், கம்பம் எப்படி வந்தது, முதல் நாள் மின்சாரம் பாய்ச்சியபோது கைப்பிடியைத் திருப்பியது யார் என்று கேட்டுப் பதிவு செய்வது. இன்டர்அர்பன் கம்பெனிகளின் வரலாற்றை ஜார்ஜ் ஹில்டனும் ஜான் டியூவும் 1960-லேயே பெரிய நூலாக எழுதிவிட்டார்கள். வில்லியம் மிடில்டன் 1961-ல் படங்களோடு எழுதினார். அந்த வண்டிகளைக் காப்பாற்றியவர்களின் வரலாறு அந்த அளவுக்கு எழுதப்படவில்லை. அதற்கான ஆதாரம் பிள்ளைகளின் வீட்டு நிலவறையில், என்ன என்றே தெரியாத உறைகளில் கிடக்கிறது. வீட்டைக் காலி செய்யும்போது வண்டிப் படங்களை விலைக்கு வாங்கச் சேகரிப்பாளர்கள் வருவார்கள். மண்வெட்டியோடு நிற்கும் பெயரில்லாத மனிதரின் படத்தை யாரும் கேட்பதில்லை.

யூனியனில் இன்று பச்சைக் குளவி 4391 நிற்கிறது. அதன் உடன்பிறந்தவற்றின் பாகங்களைக் கொண்டு கட்டிய உயர்மட்ட ரயில் பெட்டிகளும் ஓய்வுபெற்று அங்கேயே வந்து சேர்ந்தன. முதல் வண்டி 65-உம் அங்கேதான்.

மியூசியத்தாரிடமிருந்து முதலில் நழுவியது ஒன்று உண்டு. 1941 பிப்ரவரியில் நார்த் ஷோர் ஓட்டத் தொடங்கிய எலெக்ட்ரோலைனர். நான்கு பகுதிகள் கோத்த ரயில், அப்படி இரண்டு. சிகாகோ உயர்மட்டப் பாதையின் குறுகிய வளைவுகளில் நெளிந்து திரும்பி, நகரைத் தாண்டியதும் மணிக்கு எண்பது மைலுக்கு மேல் பறந்தவை. உள்ளே மதுவும் சிற்றுண்டியும் பரிமாறும் பகுதியும் இருந்தது. 1963-ல் அவை இரண்டையும் பிலடெல்பியாவின் ரெட் ஆரோ நிறுவனம் விலைக்கு வாங்கி, லிபர்ட்டி லைனர் என்று பெயர் மாற்றி, தன் புறநகர்ப் பாதையில் ஓட்டியது. அவற்றில் 801-802 என்ற எண் கொண்ட ரயில் இல்லினாய்ஸுக்குத் திரும்பி யூனியன் வந்து சேர்ந்தது 1982-ல். மற்றது பென்சில்வேனியாவின் ராக்ஹில் அருங்காட்சியகத்துக்குப் போனது. அவை பிலடெல்பியாவில் கழித்த ஆண்டுகளை அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)